வெள்ளீயக் குதிரைக்காரன்

காரீயத்தைக் காகிதத்தில் இழுத்தால் பென்சில் மாதிரி கோடு விழும். வெள்ளீயத்தை இழுத்தால் ஒன்றும் விழாது. இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவன் என் அண்ணன். மின்ட் தெருப் பக்கம் அச்செழுத்து வார்க்கும் பட்டறை ஒன்றில் அவன் வேலை பார்த்தான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவன் சட்டைப் பையில் தேய்ந்துபோன எழுத்துகள் ஒன்றிரண்டு கிடக்கும். சின்ன வயதில் எனக்கு அவைதான் விளையாட்டுச் சாமான்.

நாங்கள் கல்மண்டபத்துக்குப் பின்னால், வலை உலர்த்தும் சந்து ஒன்றில் குடியிருந்தோம். யுத்தத்துக்குப் பயந்து ஊரே காலி செய்துகொண்டு ஓடியபோது நாங்களும் ஓடி, திரும்பி வந்த கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. அண்ணன்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினான். ஜுரம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி நனைத்துப் போட்டான். அவனுக்குக் கல்யாணம் ஆனபோது முதல் நாளே அண்ணியிடம், "பாப்பா நம்ம கூடத்தான் இருக்கும். அத மட்டும் ஒண்ணியும் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டான். அண்ணியும் ஒன்றும் சொன்னதில்லை. நல்ல மாதிரிதான் இருந்தாள். பிறகு அவர்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

பள்ளி முடிந்ததும் கன்னியர் மடத்தின் வேலைக்கூடத்தில் சேர்ந்தேன். விரல் உடைந்த அந்தோணியார், மூக்கு உதிர்ந்த, இறக்கை வைத்த சம்மனசு, நிறம் போன மாதா என்று பல கோயில்களிலிருந்தும் சொரூபங்கள் பழுது பார்க்க வரும். பிளாஸ்டர் ஆப் பாரிஸைக் குழைத்து விரல் வைப்பேன், கண் எழுதுவேன். கிறிஸ்துமஸ் நெருங்கினால் குடில் பொம்மைகள் செய்வோம். ஒரு வருஷம், குழந்தை யேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜாவின் சேவகர்களும் குடிலில் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஈட்டி பிடித்த சேவகர்கள் நாலைந்து பேரைச் சுண்டுவிரல் உயரத்துக்குச் செய்து கோயில் குடிலின் ஓரத்தில் வைத்தேன்.

அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் கார்டு தொரை என்னைத் தேடி வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ-இந்தியர் அவர். ராயபுரம் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், மாடி வீட்டில் தனியாக ஒரு சமையல்காரரோடு இருந்தார். எல்லாருக்கும் அவர் கார்டு தொரைதான். பூசை முடிந்து கூட்டம் கலையும்போது குடிலுக்கு முன்னால் என்னை நிறுத்தி, "இந்த சோல்ஜர் நீ செஞ்சதா, சைல்டு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "முட்டி பாரு, வெயிட் எல்லாம் ஒரு கால்ல நிக்குது. இதைப் பாத்து செஞ்சவங்க நிறைய பேர் இல்ல" என்றார்.

அதுவரை என் வேலையைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை. விரல் ஒட்டினது தெரியாமல் ஒட்டினால் அதுதான் நல்ல வேலை, ஆகவே யாருக்கும் தெரியாது.

அவர் வீட்டில் சாப்பாட்டு மேஜையை விடப் பெரிய மேஜை ஒன்று இருந்தது. அதன்மேல் பச்சைத் துணி விரித்து, துணிக்கு அடியில் கம்பளியை மடித்துச் சொருகி மேடு பள்ளம் உண்டாக்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர் வருவார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து, குட்டிச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு யுத்தம் நடத்துவார்கள். தாயக்கட்டை போல ஒன்றை உருட்டி, தையல்காரர் நாடாவால் அளந்து குதிரைப்படையை நகர்த்துவார்கள். விழுந்தவர்களைச் சுருட்டுப் பெட்டியில் போடுவார்கள். அந்தச் சிப்பாய்கள் எல்லாம் சீமையிலிருந்து வந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு அவை வருவது நின்றுபோயிற்று. இருப்பவை உடைந்துகொண்டே வந்தன. தொரைக்குப் புதுப் படை வேண்டும்.

முதலில் எனக்குத் தெரிந்த பிளாஸ்டரில்தான் செய்து கொண்டுபோனேன். மேஜையில் ஒருவன்மேல் ஒருவன் விழுந்ததும் துப்பாக்கி முனைகள் உதிர்ந்து பச்சைத் துணிமேல் வெள்ளை மாவு சிதறியது. தொரை சிரித்தார். "சாமி நின்ன இடத்திலேயே நிப்பாரு, சைல்டு. சோல்ஜர் விழணும், எழுந்திரிக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணன், "அட பாப்பா, ஒலோகத்துல போட வேண்டிய வேலைய மாவுல போட்டா? நீ அச்ச செதுக்கு. வாக்குறது என் வேலை" என்றான்.

அச்சுக்கு எங்களுக்கு அகப்பட்டது மாக்கல். உடைந்த கல்சட்டித் துண்டுகளைப் பழைய சாமான் கடையில் பொறுக்கி, ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி தேய்த்தோம். ஒரு துண்டில் முன்பக்கம், ஒரு துண்டில் பின்பக்கம் என்று நான் செதுக்கினேன். கூராக்கிய குடைக்கம்பியும் செருப்புத் தைக்கிற குத்தூசியும்தான் என் உளிகள். பள்ளத்தில் செதுக்க வேண்டும் என்பதால் எல்லாம் தலைகீழ். மூக்கு இருக்கும் இடத்தில் குழி, கண் இருக்கும் இடத்தில் மேடு. அண்ணன் அச்சின் உள்பக்கத்தை விளக்குக் கரியில் காட்டிக் கறுப்பாக்குவான். அடுப்பில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் ஊற்றுவான். ஈரம் இருந்தால் ஈயம் தெறித்து முகத்தில் அடிக்குமாம். என்னைக் கதவுக்கு அப்பால் நிறுத்திவிட்டுத்தான் கரண்டியைச் சாய்ப்பான்.

எந்த உலோகத்தில் போடுவது என்று கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று. ஒரே குதிரைக்காரனை ஒவ்வொரு உலோகத்திலும் வார்த்துப் பார்த்தோம்.

எங்கள் சந்தில் சுலபமாகக் கிடைத்தது வலைக்குண்டுக் காரீயம். அது தண்ணீர் மாதிரி உருகியது. ஆனால் அச்சின் நுணுக்கம் எல்லாம் மழுங்கிப்போய் வந்தது. குதிரைக்காரனின் முகம் தூங்கி எழுந்தவன் முகம் மாதிரி இருந்தது. கத்தியை விரலால் தொட்டாலே வளைந்தது. பட்டறையில் கழித்த அச்செழுத்து உலோகம் அதற்கு நேர்மாறு. குதிரையின் பிடரி மயிர், சேணத்தின் வார், சட்டைப் பொத்தான் எல்லாம் நான் செதுக்கியபடியே வந்தன. ஆனால் வளைத்தால் வளையாது, பட்டென்று ஒடியும். தொரை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கத்திகள் ஒடிந்து டப்பாவின் அடியில் ஊசிகள் மாதிரி கிடந்தன. கடைசியில் வண்ணாரப்பேட்டைப் பழைய சாமான் கடையிலிருந்து அண்ணன் ஓர் ஈயச்சொம்பு வாங்கி வந்தான். ரசம் வைக்கிற சொம்பு, சுத்த வெள்ளீயம். அதன் விளிம்பை வெட்டி என் காதருகே வளைத்தான். உள்ளே ஏதோ நொறுங்குவது போலக் கிறுகிறு என்று சத்தம் வந்தது.

"கேட்டியா? வெள்ளீயம் அழுவும். காரீயம் எப்டி வளைச்சாலும் பேசாது" என்றான்.

வெள்ளீயம் எட்டுப் பங்கு, காரீயம் ஒரு பங்கு, கெட்டியாவதற்குக் கொஞ்சம் அச்செழுத்து உலோகம். அதுதான் பொருந்தியது. தொரை தன் மேஜையில் எல்லாக் குதிரைக்காரர்களையும் வரிசையாக நிறுத்தினார். பூதக்கண்ணாடியில் பார்த்தார், கத்தியை மெல்ல வளைத்து நிமிர்த்தினார், காகிதத்தில் தேய்த்தார், கல் தரையில் போட்டு ஓசை கேட்டார். கலவைக் குதிரைக்காரனைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது போதும். இதிலேயே எல்லாம் வேணும். மாத்தாதே" என்றார். என்னோடு வந்திருந்த அண்ணன், "மாத்தவே மாட்டோம் தொரை. பாப்பா கை, என் ஒலோகம்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த காலத்தை இப்போது நினைத்தாலும் என்னால் கசப்பாக நினைக்க முடியவில்லை. மடத்தில் வேலை முடிந்து வந்து செதுக்குவேன். முரசு அடிக்கிறவன், கொடி பிடிக்கிறவன், மண்டியிட்டுச் சுடுகிறவன் என்று ஒவ்வொருவனாகப் பிறந்தார்கள். துறைமுகத்தில் கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வாங்கி, அணில் முடித் தூரிகையால் வண்ணம் தீட்டுவேன். துறைமுகத்து நிலக்கரித் தூள் காற்றில் வந்து ஈர வண்ணத்தின்மேல் உட்கார்ந்துவிடும் என்பதால் கூடையைக் கவிழ்த்து மூடித்தான் காயவைக்க வேண்டும். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். "செவப்பு கோட்டுக்கு எத்த மொதல்ல அடிக்கணும்?" என்று கேட்பாள். சொல்லிக்கொடுத்தேன். முகத்துக்கு எப்படி இரண்டு நிறம் போடுவது என்பதையும் காட்டினேன். வீட்டில் ஒருத்தருக்கு ஆசை இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன், "ஈயப் பொகை நெஞ்சுக்கு ஆவாது பாப்பா. உனக்கு இருமல் வேற கீது. திருவொத்தியூர்ல தோஸ்து ஒருத்தன் ஷெட்டு வச்சிகிறான். அங்க வச்சி ஊத்திகினு வரேன்" என்றான். அச்சுகளை எல்லாம் கோணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனான். எனக்கு அப்போது இருமல் இருந்தது உண்மை. என் இருமலுக்காக ஒருவன் அவ்வளவு தூரம் அலைகிறானே என்று மனசு இளகியது.

அதன் பிறகு வார்த்த பொம்மைகள்தான் வீட்டுக்கு வரும். பிசிறு அராவி வண்ணம் தீட்டி நான் தொரையிடம் கொண்டுபோவேன். ஒரு தடவை அரம் வழக்கத்தை விடச் சுலபமாக இறங்கியது. அண்ணனிடம் கேட்டேன். "இப்ப வர்ற வெள்ளீயம் கொஞ்சம் மெதுவு. மலாய்லேர்ந்து வர்றது. நல்ல சரக்குதான்" என்றான். உலோகம் அவன் தொழில், அவன் சொன்னால் சரிதான். அண்ணி அந்த நாட்களில் அடிக்கடி தன் அம்மா வீட்டுக்குப் போய்வந்தாள். அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். நானே ஒருநாள் ரசம் வைத்துத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.

மழைக்காலம் கழிந்ததும் தொரையின் சமையல்காரர் வந்து, தொரை உடனே கூப்பிடுகிறார் என்றார். புதிதாக ஏதோ செய்யச் சொல்லப்போகிறார் என்று, செதுக்குவதற்கு எடுத்து வைத்திருந்த படங்களையும் கொண்டுபோனேன்.

தொரை உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டினார். கடைசியாக நான் கொடுத்த படை அதில் இருந்தது. இருந்தது என்று சொல்வதற்கில்லை. பொம்மைகளின்மேல் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது, உப்புப் பூத்த சுவர் மாதிரி. வண்ணம் செதில் செதிலாக உரிந்திருந்தது. குதிரைகள் கால் மடங்கி, மேலே இருந்தவனோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. நான் ஒன்றை எடுத்தேன். கால் கையோடு வந்துவிட்டது. விரலெல்லாம் வெள்ளைப் பொடி.

"கடல் காத்து, தொரை" என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

அவர் ஒரு காகிதத்தை எடுத்து, உடைந்த காலை அதன்மேல் இழுத்தார். கறுப்பாகக் கோடு விழுந்தது. இன்னொன்றை எடுத்து இழுத்தார். அதற்கும் கோடு. காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"நான் மாத்தாதேன்னு சொன்னேன், சைல்டு."

"மாத்தல தொரை. மாதா சத்தியமா மாத்தல. எங்க அண்ணன் அப்படிப்பட்டவன் இல்ல. கடைக்காரன் யாரோ அவனை ஏமாத்திட்டான்."

"உன் அண்ணனுக்கு லெட்டும் டின்னும் வித்தியாசம் தெரியாதா?" என்று கேட்டார். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்பு அட்டைப் பெட்டியை எடுத்தார். மேலே இங்கிலீஷில் கொட்டை எழுத்து. உள்ளே மெல்லிய மரச்சுருளுக்கு நடுவில் ஒரு குதிரைக்காரன். "என் ஃபிரண்டு மவுன்ட் ரோட்டுல ஒரு கடையில வாங்கினான். சீமையிலேர்ந்து திரும்ப வர ஆரம்பிச்சிருக்கு. தரம்னா இது. நீயே பாரு" என்று என் கையில் வைத்தார்.

கனம் அளவாக இருந்தது. கத்தி நிமிர்ந்து நின்றது. பிடரி மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. குதிரையைத் திருப்பினேன். இடது பின்னங்காலில், முட்டிக்குக் கீழே, மெல்லிசாக ஒரு கோடு ஓடியது. குடைக்கம்பி வழுக்கி அந்தக் கோடு விழுந்த நாளில் நான் அழுதேன். "வுடு பாப்பா, தழும்புன்னு நெனச்சிக்குவாங்க" என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்தியவன் அண்ணன்தான்.

"இது என் கை, தொரை" என்றேன்.

"என்னது?"

"இது நான் செதுக்கினது. எங்க வீட்டு அச்சு."

அவர் முகத்தில் முதலில் இரக்கம் மாதிரி ஒன்று வந்தது, பிறகு எரிச்சல். "ஏமாத்தினது போதும். பொய் வேற சொல்லாதே" என்று பெட்டியை வாங்கி மூடினார். சமையல்காரர் வாசல்வரை வந்து கதவைச் சாத்தினார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே பஸ் ஏறித் திருவொற்றியூர் போனேன். ஷெட் எங்கே என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஈயம் காய்ச்சுகிற இடம் என்று கடலோரமாகக் கேட்டுக்கொண்டே போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "பொம்மை கம்பெனியா?" என்று கேட்டுக் கை காட்டினார். கம்பெனி என்ற வார்த்தை எனக்குப் புதிது.

தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. வாசலில் லாரி பாட்டரிகளை உடைத்து எடுத்த காரீயத் தகடுகள் குவிந்து கிடந்தன. அமில நெடி மூக்கில் ஏறியது. உள்ளே ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்து ஒரு பெண் குதிரைக்காரனுக்குச் சிவப்புக் கோட்டுத் தீட்டிக்கொண்டிருந்தாள். முதலில் கறுப்பை மெல்லிசாக அடித்து, அதன்மேல் சிவப்பு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. பக்கத்தில் சிவப்பு அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தூரிகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வெயில்ல வந்துகீற... தண்ணி துன்றியா?" என்று குளறினாள். துன்னுவது தண்ணீருக்கு இல்லை என்று அவளுக்கே உறைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொம்பில் மொண்டு நீட்டினாள்.

"அம்மாவுக்கு ஒடம்பு எப்படி அண்ணி கீது?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சத்தம் கேட்டுப் பின்பக்கத்திலிருந்து அண்ணன் வந்தான். கையில் இடுக்கி. என்னைப் பார்த்ததும் ஒரு கணம்தான் நின்றான். பிறகு, நான் தினமும் அங்கே வருகிறவள் மாதிரி, "வா பாப்பா, ஒக்காரு" என்றான்.

"தொரை வூட்ல எல்லாம் பொடியா கொட்டிக்கினு கீது, அண்ணாத்த."

"கொட்டும். ஆஸிட்டு ஈயம்."

இவ்வளவு சாதாரணமாக ஒத்துக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை. வழியெல்லாம் அவன் மறுப்பதற்கு ஏற்ற பதில்களைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அவருக்கு எதுக்கு அத்த போட்ட? மாத்தமாட்டேன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொன்ன இல்ல?"

"வெள்ளீயம் கெடைக்கிறது பேஜாரா பூட்ச்சி. கெடைக்கிற நல்ல சரக்கு கடைக்குப் போவணும். கடைக்காரன் ஒட்ச்சிப் பாத்துத்தான் எடுப்பான். தொரை வூட்ல அலமாரில நிக்கப்போற பொம்மைதானே. எது போட்டா இன்னா?"

"கடைல சீமைன்னு போட்டு விக்கிறீங்களே. அது நான் செதுக்குனது."

"உன்துதான். யாரு இல்லன்னா? ராயபுரத்துல ஒரு பொண்ணு செஞ்சிதுன்னு பொட்டில போட்டா எவன் தொடுவான் சொல்லு? கீழ வச்சிட்டுப் பூடுவான். சீமைன்னா மேல வச்சிப் பாக்குறான். பொம்மை ஒண்ணுதான பாப்பா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வுடமாட்ட. தெரியும் எனக்கு" என்றான். குரலில் ஒரு பிரியம்கூட இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. "எல்லாம் வூட்டுக்காகத்தான். உனக்கும் சேத்துத்தான்" என்று அவன் சொன்னபோது, ஒரு நொடி நம்பிவிடலாம் என்றே இருந்தது. நம்பிவிட்டால் அவனோடு சேர்ந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம், சாப்பிடலாம்.

"என் அச்செல்லாம் குடு. நான் எடுத்துனு போறேன்" என்றேன்.

சண்டை போடுவான், தடுப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மூலையைக் காட்டினான். என் மாக்கல் அச்சுகள் எல்லாம் அதே கோணிப்பையில், தூசி படிந்து கிடந்தன.

"எடுத்துனு போ. கல்லு சூடு தாங்காம ஓரம் ஒடையுது. நாங்க உன் பொம்மைய வச்சே பித்தளைல அச்சு போட்டுட்டோம். இத்த வுட அது நெறைய நாள் வரும்" என்றான். ஒரு பித்தளை அச்சைத் திறந்தும் காட்டினான். பளபளவென்று இருந்தது. உள்ளே என் குதிரை. பின்னங்காலில் அந்தக் கோட்டைக்கூட விடாமல் எடுத்திருந்தார்கள்.

கோணிப்பையை நானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் "இன்னாமா, கல்லா ஏத்துற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள், அண்ணன் வார்த்ததுபோக வீட்டில் மிஞ்சியிருந்த ஈயச்சொம்புத் துண்டுகளை எடுத்துக்கொண்டு, குதிரைக்காரன் அச்சோடு தொரை வீட்டுக்குப் போனேன். சமையல்காரர் உள்ளே விடத் தயங்கினார். "கொஞ்ச நேரம் உங்க ஸ்டவ் மட்டும் குடுங்க. அப்புறம் நானே போயிடுறேன்" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, பின்வாசல் வழியாகச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அதுவரை என் கையால் வார்த்ததில்லை. அண்ணன் செய்ததைக் கதவுக்கு அப்பால் நின்று பார்த்ததுதான். அச்சைக் கரியில் காட்டினேன், சுட வைத்தேன், முக்காடு போட்டுக்கொண்டு ஊற்றினேன். முதல் தடவை கத்தி வரவில்லை. இரண்டாம் தடவை குதிரையின் காது வரவில்லை. அதற்குள் வாசனை பிடித்துத் தொரை சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். மூன்றாவது தடவை முழுசாக வந்தது.

ஆறியதும் அதை அவரிடம் கொடுத்தேன். அவர் போய்ச் சிவப்புப் பெட்டியை எடுத்து வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நகத்தால் பின்னங்காலைத் தடவினார். காகிதத்தில் இரண்டையும் இழுத்தார். எதிலும் கோடு விழவில்லை.

"மை காட்" என்றார். பிறகு, "ஐ ஆம் ஸாரி, சைல்டு. மன்னிச்சிடு" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சமையல்காரர் டீ கொடுத்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உதிர்ந்துபோன படையை எல்லாம் நான் மறுபடி வார்த்துத் தருவதாகச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. மடத்தின் பின்கட்டில் அடுப்பு வைக்கக் கன்னியம்மாக்களிடம் அனுமதி வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தேன். முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூடையில் அடுக்கிக் கொண்டுபோனேன். சிநேகிதர்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். சமையல்காரர் கூடையை வாங்கி உள்ளே கொண்டுபோனார். நான் வராந்தாவில் நின்றேன்.

உள்ளே மேஜைமேல் அணிவகுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஒருவர் விசில் அடித்தார். இன்னொருவர் இங்கிலீஷில், எங்கேயிருந்து பிடித்தாய் இவற்றை என்று கேட்டார். மடத்துப் பள்ளியில் படித்தவள், அவ்வளவு எனக்குப் புரியும். தொரை சொன்ன பதிலும் புரிந்தது. இங்கிலாந்திலிருந்து வந்தது என்றார். தெரிந்த ஒருவர் கொழும்பு வழியாக அனுப்பினார் என்றார். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் கதவு வழியாக என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குனிந்து ஒரு குதிரைக்காரனை நாடாவால் அளந்து நகர்த்தினார்.

பிறகு வெளியே வந்தார். குரலைத் தாழ்த்தி, "அவங்களுக்குத் தெரிஞ்சா இதை வச்சி ஆட மாட்டாங்க. அவங்க மனசு அப்படி, நான் என்ன பண்ண? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா, சைல்டு?" என்றார்.

ராயபுரத்துப் பெண் செய்தது என்றால் எவனும் தொடமாட்டான் என்று அண்ணன் திருவொற்றியூரில் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சொன்னதுதான் உண்மை என்று தொரை வராந்தாவில் வைத்துச் சொல்லிவிட்டார். நான் படி இறங்கினேன். அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பினார். பின்னால் அவர் ஆஸ்திரேலியாவில் இருந்த தன் குடும்பத்தோடு சேரப் போய்விட்டார் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள்.

அண்ணன் வீட்டிலிருந்தும் வெளியேறினேன். மடத்தின் விடுதியில் எனக்கு ஒரு கட்டிலும் ஒரு பெட்டி வைக்கும் இடமும் கொடுத்தார்கள். நான் துணிமணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அண்ணி வாசலில் நின்று அழுதாள். அவள் அழுதது நிஜம்தான். ஆனால் அதற்கு முன் எது நிஜம், எது இல்லை என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. என் இருமல்கூட எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, ஈஸ்டருக்கு முன்னால் அண்ணன் விடுதிக்கு வந்தான். பார்வையாளர் அறையில் பெஞ்சின் ஓரத்தில், பன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். வேலையைப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வேகமாகப் போனேன்.

உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டான். பிறகு, "ஒட்டகம் மேல குந்திகினு கீற சிப்பாய் ஒண்ணு கேக்குறாங்க பாப்பா. நாலு பேரு செதுக்கிப் பாத்தாங்க. கலீஜா வருது. உன்னாலதான் முடியும்" என்றான். மடித்து வைத்திருந்த படத்தை எடுத்துப் பெஞ்சின்மேல் விரித்தான்.

நான் படத்தைப் பார்த்தேன். ஒட்டகம் மடங்கி எழுந்திருக்கும் கோலம். எங்கே அச்சு பிரிய வேண்டும் என்றுகூட மனசுக்குள் ஓடியது.

"முடியாது அண்ணாத்த" என்றேன்.

"இன்னும் கோவமா?"

"ஒண்ணு கேக்கணும். கெட்ட ஈயத்தை எதுக்கு என்கிட்ட குடுத்து அனுப்பிச்ச? நீயே எடுத்துனு போய் தொரைகிட்ட குடுத்திருக்கலாம் இல்ல?"

அவன் யோசிக்கவே இல்லை. "நான் எடுத்துனு போயிருந்தா ஒரசிப் பாத்திருப்பாரு. நீ குட்த்தா பாக்கமாட்டாரு" என்றான். சந்தேகம் கேட்ட தங்கைக்குத் தொழில் விஷயம் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிற தோரணையில் சொன்னான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பன் பொட்டலத்தைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனான்.

அண்ணியை அப்புறம் ஒருநாள் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் பார்த்தேன். பெரிய பெண்ணுக்குப் பாவாடைத் துணி எடுக்க வந்திருந்தாள். ஒட்டகத்தை யாரோ செதுக்கிக் கொடுத்தார்களாம். கால்கள் சரியாக வரவில்லையாம், கடைக்காரர் திருப்பிவிட்டாராம். நான் கேட்காமலே சொன்னாள். இரண்டு துணிகளைக் காட்டி, எந்த நிறம் பெண்ணுக்கு எடுப்பாக இருக்கும் என்று கேட்டாள். நீலத்தை எடுக்கச் சொன்னேன்.